மூன்று சிங்கம் ஏற்கெனவே போயிற்று!

கேள்வி: இடைக்கால ஐரோப்பியர்போல வேடமிட்டு வாள் சுழற்றும் அமெரிக்கச் சங்கத்தில் பெயரையும் கேடயச் சின்னத்தையும் பதிவு செய்கிறார்களாமே?

பதில்: ஆமாம், கட்டாயமில்லைதான். ஆனால் 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு கொல்லைப்புற விருந்தில் பிறந்த 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்' சங்கத்தின் பதிவேட்டில் ஏற ஆசைப்பட்டால், கல்யாணப் பொருத்தம் பார்ப்பதே சுலபம் என்று தோன்றிவிடும்.

சூட்டிய பெயரோடு ஊர், தொழில், தகப்பன் என்று இன்னொரு பெயரும் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் பழைய வழக்குக்குப் பொருந்துகின்றனவா என்று ஆவணங்களைக் கிளறுவார்கள். பட்டத்தைத் தானே சூட்டிக்கொள்வதும் நடக்காது. நம்மூர் போஸ்டர் பட்டங்கள் அங்கே செல்லாது!

சின்னத்தில் வம்பு இன்னும் அதிகம். சின்னக் கணக்கில் மஞ்சளும் வெள்ளையும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ கூடாது. வெள்ளைக் கேடயத்தில் மஞ்சள் சிங்கம் வரைந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கம் தெரியாதே!

விண்ணப்பம் உள்ளூர் ஹெரால்டு (பெயர், சின்னங்களைக் கவனிக்கும் அலுவலர்), சங்கக் கிளையான 'ராஜ்ய'த்தின் ஹெரால்டு என்று படியேறி, 'லாரல்' என்ற தலைமை ஹெரால்டின் அலுவலகத்தில் தீர்ப்பாகச் சில மாதங்கள் பிடிக்கும். ஏற்கெனவே பதிவானதோடு மிகவும் ஒத்திருந்தால் நிராகரிக்கப்படலாம். இங்கிலாந்து அரச சின்னத்தின் மூன்று சிங்கங்களுக்கும் அங்கே பாதுகாப்பு உண்டு.