பத்தொன்பது கிலோமீட்டர் பயம்

எக்ஸிக்யூட்டர் என்ற விண்வெளிப் போர்க்கப்பலின் நீளம் 19 கிலோமீட்டர். இரண்டு படங்களில் அது வருகிறது. அவ்விரண்டிலும் அது பிடித்த எதிரிக் கப்பல்கள்: ஒன்றுகூட இல்லை. அதன் முதலாளியின் கையால் மூச்சு முட்டிச் செத்த சொந்தப் படை அதிகாரிகள்: இருவர். ‘ஸ்டார் வார்ஸ்’ சாம்ராஜ்யத்தின் பெருமைமிகு கொடிக்கப்பலின் சர்வீஸ் புக்கை இவ்வளவில் மூடிவிடலாம். ஆனால் உள்ளே இருக்கும் பக்கங்கள் சுவையானவை.

பின்னணி இதுதான். 1977இல் வந்த முதல் படத்தில் சிறு நிலவு அளவுக்கு டெத் ஸ்டார் என்று ஒன்றைக் கட்டினார்கள். ஒரு கிரகத்தையே ஒரே சுடலில் தூளாக்கும். ஆனால் வெப்பம் வெளியேற இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். லூக் ஸ்கைவாக்கர் என்ற பண்ணைப் பையன் அதற்குள் குறிபார்த்துக் குண்டு போட்டான். மொத்தமும் வெடித்துப் பூவாணமானது. மூளையுள்ள நிர்வாகம் அடுத்த முறை ஓட்டையை அடைப்பது பற்றி யோசிக்கும். பேரரசு யோசித்தது வேறு. இரண்டாவதாக இன்னொரு டெத் ஸ்டாருக்குப் பூமிபூஜை போட்டது. நடுவில் பேரரசரின் வலக்கையான டார்த் வேடருக்கு ஒரு புது வண்டியும் கொடுத்தது.

அந்த வண்டி 1980இல் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் அறிமுகமானது. ஸ்டார் டெஸ்ட்ராயர் என்னும் போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 1.6 கிலோமீட்டர். அவற்றில் ஒன்றின் மேல் மெதுவாக ஒரு நிழல் விழுகிறது. நிழல் நகர்கிறது, நகர்கிறது, முடியவே மாட்டேனென்கிறது. பின்னணியில் ஜான் வில்லியம்ஸின் ‘இம்பீரியல் மார்ச்’ முழங்குகிறது. எம்.ஜி.ஆருக்கும் ரஜினிக்கும் வைத்த அறிமுகக் காட்சிகளெல்லாம் மனிதர்களுக்கு. இது கப்பலுக்கு.

நீளம் எவ்வளவு என்பதிலேயே பெரிய வழக்கு நடந்தது. தொடக்ககாலக் கையேடுகள் 8 கிலோமீட்டர் என்று எழுதிவைத்தன. ரசிகர்கள் விடுவார்களா? படத்தின் காட்சிகளை நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்தார்கள். பக்கத்தில் நிற்கும் சாதாரண ஸ்டார் டெஸ்ட்ராயரைப்போலப் பதினோரு மடங்கு வருகிறதே, அப்படியானால் 17.6 அல்லவா என்று சண்டைக்கு நின்றார்கள். பதிப்பாளர்கள் முதலில் 12.8க்கு இறங்கி வந்தார்கள். பிறகு 17.6. கடைசியில் 19க்கு ஒப்புக்கொண்டார்கள். எந்த மண்ணிலும் இல்லாத ஒரு பொருளுக்கு இத்தனை வருஷம் எல்லைத் தகராறு நடத்திய பெருமை இக்கப்பலுக்கே.

19 கிலோமீட்டர் என்றால், ஒரு முனையில் காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மறுமுனைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம். கையேட்டுக் கணக்குப்படி உள்ளே சுமார் 2,80,000 பணியாளர்கள். இத்தனை பேரையும் சுமந்து செல்லும் கப்பலை ஓட்டும் அறையோ கோபுர உச்சியில், கண்ணாடி ஜன்னல் வைத்து, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறமாதிரி கட்டப்பட்டிருந்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலைக் கட்டியவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் தளபதி அட்மிரல் ஓசெல். பேரரசை எதிர்த்த கலகக்காரர்களைத் தேடி ஆயிரக்கணக்கில் உளவு இயந்திரங்களை அனுப்பியிருந்தார்கள். அவற்றில் ஒன்று ஹாத் என்ற பனிக்கிரகத்திலிருந்து படம் அனுப்புகிறது. கேப்டன் பியெட் ஓடிவந்து சொல்கிறார்: “சார், ஏதோ தட்டுப்படுகிறது.” ஓசெலுக்கு எரிச்சல். ஆதாரம் வேண்டும், துப்பு வேண்டாம் என்கிறார். கடத்தல்காரர்களாக இருக்கும் என்று தள்ளிவிடப் பார்க்கிறார். வேடர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், அதுதான், கிளம்புங்கள் என்கிறார். அந்த நிமிடத்திலேயே ஓசெல் பக்கவாட்டில் பியெட்டைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, தன் தலைக்குமேல் தாண்டி ஃபைல் அனுப்பிய ஜூனியரை எந்த மேலதிகாரியும் அப்படித்தான் பார்ப்பார்.

அப்புறம் ஓசெல் கப்பற்படையை ஒளிவேகத்திலிருந்து ஹாத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். திடீரென்று போய் நின்றால் எதிரி திகைப்பான் என்பது அவர் கணக்கு. எதிரி திகைக்கவில்லை; பாதுகாப்புக் கவசத்தைப் போட்டுக்கொண்டான். வானிலிருந்து குண்டு போடுகிற வழி அடைபட்டது. இதைத் தளபதி வீர்ஸ் வேடரிடம் போய்ச் சொல்ல, வேடர் திரையில் ஓசெலைக் கூப்பிட்டார். விளக்கம் கேட்கவில்லை, மெமோ கொடுக்கவில்லை. ஓசெலின் தொண்டை தானாக இறுகத் தொடங்கியது. பேச்சோ பக்கத்தில் நின்ற பியெட்டிடம் நடந்துகொண்டிருந்தது: துருப்புகளைத் தரையிறக்கு, ஒருவரும் தப்பக் கூடாது, இனி நீர்தான் அட்மிரல். உலகத்திலேயே பதவி உயர்வு உத்தரவும் பழைய அதிகாரியின் கடைசி மூச்சும் ஒரே வாக்கியத்தில் முடிந்த சார்ஜ் ஒப்படைப்பு இதுதான். பியெட்டின் முகத்தில் மகிழ்ச்சியா துக்கமா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

ஓசெலாக நடித்த மைக்கேல் ஷியர்ட் 1989இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் க்ரூசேட்’ படத்தில் ஹிட்லர் வேடம் போட்டவர். பியெட்டாக நடித்த கென்னத் காலி 1979இல் மான்டி பைத்தான் குழுவின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்தில் இயேசு. ஆக வேடரின் கட்டுப்பாட்டு அறையில் ஹிட்லர் போய் இயேசு சார்ஜ் எடுத்தார். அதனாலும் நிர்வாகம் திருந்தவில்லை.

ஹாத்தில் நடந்தது சுருக்கமாக: நாலு கால் இரும்பு யானைகள் நடந்துபோய்க் கவசத்தை உடைத்தன. அதற்குள் கலகக்காரர்கள் ஒரே ஒரு அயான் பீரங்கியால் வழியில் நின்ற ஸ்டார் டெஸ்ட்ராயரைச் செயலிழக்க வைத்துக் கப்பல் கப்பலாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். வேடர் தாமே இறங்கிவந்து காலி முகாமைக் கைப்பற்றினார். அவர் கண்ணெதிரே கலகக்காரர்களின் கூட்டாளி ஹான் சோலோவின் மில்லேனியம் ஃபால்கன் என்ற ஓட்டைச் சரக்குக் கப்பல் பறந்துபோனது.

அடுத்த அத்தியாயம், அந்த ஒரு கப்பலைத் துரத்துவது. ஃபால்கன் விண்கற்கள் நிறைந்த பகுதிக்குள் புகுந்துகொண்டது. புத்தியுள்ளவன் வெளியே காத்திருப்பான். வேடர் உள்ளே போகச் சொன்னார். ஆபத்தாயிற்றே என்று பியெட் மென்று விழுங்கியபோது, கற்கள் பற்றி எனக்குக் கவலையில்லை, கப்பல்தான் வேண்டும் என்று பதில் வந்தது. பிறகு கேப்டன்கள் எல்லாம் ஒளியுருவமாகத் தோன்றி நிலவரம் சொல்லும் கூட்டம். அதில் ஒருவர் பேச்சின் நடுவில் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு காணாமல் போகிறார். அவருடைய கப்பல்மீது கல் விழுந்துவிட்டது. வேடர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மற்றவர்கள் மீட்டிங்கைத் தொடர்ந்தார்கள்.

இதற்கிடையில் பேரரசரிடமிருந்து அழைப்பு. கற்களுக்கு நடுவே ஒலி சரியாக வராது என்று வேடர் கப்பலை வெளியே கொண்டுபோகச் சொன்னார். செல்போனுக்கு டவர் கிடைக்காமல் மொட்டைமாடிக்கு ஏறுகிறோமே, அதையே 19 கிலோமீட்டர் கப்பலோடு செய்தார்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேரின் உயிருக்காகத் திரும்பாத கப்பல், மேலிடத்து போனுக்காகத் திரும்பியது. அந்த அழைப்பில் வேடர் மண்டியிட்டார். கப்பலில் எல்லோரும் யாரைப் பார்த்து நடுங்கினார்களோ, அவர் நடுங்கும் இடமும் அதே கப்பலில் இருந்தது.

அவெஞ்சர் என்ற ஸ்டார் டெஸ்ட்ராயரின் கேப்டன் நீடா, ஃபால்கனைக் கைக்கெட்டும் தூரத்தில் தவறவிட்டார். உண்மையில் தவறவே விடவில்லை: ஹான் சோலோ அந்தக் கப்பலின் கோபுரத்தின் பின்புறத்திலேயே பல்லியாக ஒட்டிக்கொண்டிருந்தார். தன் முதுகைத் திரும்பிப் பார்க்க நீடாவின் கப்பலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீடா நேர்மையான மனிதர். பொறுப்பு என்னுடையது, நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சிறு விமானத்தில் எக்ஸிக்யூட்டருக்கு வந்தார். மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏற்றுக்கொண்ட செய்தியைக் கேட்க நீடா உயிரோடு இல்லை. மற்ற கேப்டன்கள் இதிலிருந்து கற்ற பாடம் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: தவறே செய்யாதே என்பதல்ல, தவறினால் நேரில் போகாதே.

இதற்குச் சற்று முன்பு வேடர் செய்தது இன்னும் அழகு. லட்சக்கணக்கில் சம்பளப் பட்டியலில் ஆள் வைத்திருக்கும் நிறுவனம் வெளியாட்களுக்குக் காண்ட்ராக்ட் விட்டது. கூலிக்குத் தலை வேட்டையாடும் ஆறு பேர், அதில் ஒருவர் பல்லி முகத்துடன், இரண்டு பேர் இயந்திரங்கள், கப்பலின் கட்டுப்பாட்டுத் தளத்தில் வரிசையில் நிற்கிறார்கள். கீழே வேலை செய்துகொண்டிருந்த பியெட், இந்தக் கழிசடைகள் நமக்கு எதற்கு என்று முணுமுணுத்தார். நிரந்தரப் பணியாளரின் குரல் அது. முணுமுணுத்து முடிப்பதற்குள் தலைக்கு மேலே பல்லிமுகக்காரன் உறும, பியெட் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் ஃபால்கன் ஒளிந்த சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் போபா ஃபெட் என்ற காண்ட்ராக்டர்தான். கப்பற்படை கிளம்புமுன் கொட்டும் குப்பையோடு குப்பையாக ஃபால்கன் மிதந்துபோகும் என்று அவர் முன்கூட்டியே யூகித்து, அவரும் குப்பைக்குள் காத்திருந்தார். பேரரசின் கண்ணுக்குத் தெரியாத இடம் அதன் சொந்தக் குப்பைத்தொட்டி.

ஃபால்கன் போய் ஒதுங்கிய பெஸ்பின் என்ற கிரகத்தில் வலை கச்சிதமாக விரிக்கப்பட்டது. ஹான் சோலோ உறைந்த பலகையாகி போபா ஃபெட்டின் கூலியாகப் போனார். லூக் ஒரு கையை இழந்து, அப்பா யார் என்ற தகவலைப் பெற்றுக்கொண்டு கீழே குதித்தான். கலகக்காரர்களில் ஒருத்தியான லேயா ஃபால்கனைத் திருப்பிக்கொண்டுவந்து அவனை ஏற்றிக்கொண்டாள். எக்ஸிக்யூட்டர் பின்னாலேயே வருகிறது. அதிவேக எந்திரத்தை உன் ஆட்கள் செயலிழக்க வைத்தார்களா என்று வேடர் கேட்க, ஆமாம் என்கிறார் பியெட். உண்மைதான், வைத்திருந்தார்கள். ஆனால் குப்பைக்கூடை உயரமே உள்ள ஆர்ட்டூ-டீட்டூ என்ற ரோபோ நகரத்துக் கணினியோடு பேசி அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டிருந்தது. போய்க் கம்பியைத் திருகியது. ஃபால்கன் மறைந்தது.

பியெட் தன் காலரைத் தொடாமல் நிற்கிறார். வேடர் திரும்புகிறார். ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய்விடுகிறார். மகன் லூக் தன்னோடு சேர மறுத்த துக்கத்தில் இருந்த மனிதருக்கு ஊழியரைக் கொல்ல மனம் வரவில்லை. குடும்பப் பிரச்சினையால் உயிர் பிழைத்த ஒரே அட்மிரல் பியெட்தான்.

1983இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’. எண்டோர் என்ற நிலவைச் சுற்றி இரண்டாவது டெத் ஸ்டார் பாதி கட்டிய நிலையில் நிற்கிறது, எக்ஸிக்யூட்டர் காவல். கலகக்காரர்கள் ஒரு திருட்டு விமானத்தில் பழைய அனுமதி எண்ணோடு வருகிறார்கள். பழசுதான், ஆனால் சரியாக இருக்கிறது, விடலாம் என்றிருந்தேன் என்கிறார் பியெட். உள்ளே லூக் இருப்பது வேடருக்குத் தெரிந்துவிட்டது; விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ‘அப்படியானால் ஏன் விடுகிறோம்?’ என்ற கேள்வி அந்தத் தளத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. அங்கே கேள்வி கேட்டவர்களுடைய ஓய்வூதியம் குடும்பத்தாருக்குத்தான் போகும்.

பிறகு போர். கலகக்காரர்களின் மொத்தப் படையும் எதிரே வந்து சிக்கியிருக்கிறது. எக்ஸிக்யூட்டர் தாக்கும் நிலைக்கு வந்து நிற்கிறது, சும்மா நிற்கிறது. தாக்கப் போவதில்லையா என்று ஓர் அதிகாரி கேட்க, பேரரசரின் நேரடி உத்தரவு, அவர் வேறெதோ திட்டம் வைத்திருக்கிறார், நாம் தப்பவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார் பியெட். வாழ்நாளில் ஒரே ஒருமுறை எதிரி வாசலுக்கே வந்தபோது, உலகின் மிகப் பெரிய போர்க்கப்பலுக்குக் கிடைத்த வேலை வாட்ச்மேன் வேலை.

கலகக்காரர்களின் அட்மிரல் அக்பார் எக்ஸிக்யூட்டர்மேலேயே எல்லாக் குண்டுகளையும் குவிக்கச் சொன்னார். ஓட்டும் அறையைக் காத்த கவசம் போயிற்று. முன்பக்கத்தில் சுடுவதை அதிகப்படுத்துங்கள் என்று பியெட் கத்தியது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆர்வெல் கிரைனிட் என்ற விமானியின் ஏ-விங் அடிபட்டுச் சுழன்று, நேராக அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குள் புகுந்தது. 10 மீட்டர்கூட இல்லாத விமானம், 19,000 மீட்டர் கப்பல்.

கோபுரம் போனால் கப்பல் போகவேண்டியதில்லை. மீதி 2,80,000 பேரில் யாராவது ஒருவர் வேறோர் அறையில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். ஆனால் உத்தரவு வராமல் இடப்பக்கம் திரும்பியவன் கழுத்து என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அவர்கள். உத்தரவுக்காகக் காத்திருந்தபடியே, மூக்கு குப்புறக் கவிழ்ந்து, சொந்த டெத் ஸ்டார்மீதே போய் விழுந்தார்கள். ஓர் இலாகாவின் சொத்து இன்னோர் இலாகாவின் சொத்தை இடித்தால் நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற தணிக்கைச் சிக்கலும் எழவில்லை. சற்று நேரத்தில் டெத் ஸ்டாரும் வெடித்துவிட்டது.

இவ்வளவும் பார்த்தபின் வாரிசுகள் என்ன முடிவுக்கு வந்தார்கள்? ஓட்டும் அறையைக் கப்பலுக்குள்ளே வைக்கலாம்; கேப்டன் தப்புச் செய்தால் காரணம் கேட்கலாம்; கெட்ட செய்தி கொண்டுவந்தவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். இதில் எதுவும் இல்லை. 2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்தில் ஃபர்ஸ்ட் ஆர்டர் என்ற புது நிர்வாகம் சுப்ரிமசி என்று ஒரு கப்பலோடு வந்தது. அகலம் மட்டும் 60 கிலோமீட்டர். வைஸ் அட்மிரல் ஹோல்டோ என்ற பெண்மணி தன் கப்பலை ஒளிவேகத்தில் அதற்குள் செலுத்தி அதை இரண்டாகப் பிளந்தார். ஆகவே அடுத்தது 180 கிலோமீட்டரில் வரும். ஜன்னல் கட்டாயம் இருக்கும்.