கடைசி நாள் புயல்காரர்

ஆடித் திருவிழாவில் சாமி புறப்படும் நேரம் பார்த்து மேற்கே வானம் கறுக்கும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, எந்தத் தோட்டத்துக் கோயிலானாலும் இதே கதைதான். இளவட்டங்கள் தார்ப்பாய் தேடி ஓடுவார்கள். பெண்கள் மாவிளக்கை முந்தானையால் மறைப்பார்கள். ஒருவர் மட்டும் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆள் தேடுவார்.

"இதெல்லாம் ஒரு காத்தாப்பா? நாங்க கப்பல்ல வந்தப்ப, கடைசி நாளு..."

அவர்தான் கப்பல் தாத்தா. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் முன்பு தோட்டத்துக்கு ஒருவர் இருந்தார். தோட்டங்கள் தாமான்களான பிறகு தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. தாத்தாவுக்கு மட்டும் மறுநடவு நடக்கவில்லை.

கப்பல் என்றால் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நம் ஆட்களைச் சுமந்துவிட்டு, 1974இல் உடைபட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. இந்தக் கணக்கை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஏனென்றால் அந்தப் புயல் நாளில் ரஜூலாவில் இருந்ததாகச் சொல்கிறவர்களை எண்ணத் தொடங்கினால் ஐயாயிரமே போதாது. ஸ்டேட் ஆஃப் மெட்ராஸில் வந்தவரும் ரஜூலா என்றுதான் சொல்வார். எழுபதுகளில் 'சிதம்பரம்' கப்பலில் வந்தவர்களை மட்டும் சங்கத்தில் சேர்ப்பதில்லை. "டிரான்சிஸ்டர்ல பாட்டு கேட்டுக்கிட்டு வந்தவன்லாம் கப்பல்ல வந்தவனா?"

ஒரு சிலருக்கு வயதுக் கணக்கு இடிக்கும். ஐசி நம்பரின் நடுவில் 10 என்று இருக்கும்; பிறந்தது சிலாங்கூர் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. பேத்தி அதைச் சுட்டிக்காட்டினால் தாத்தா அசரமாட்டார்.

"வயித்துல இருந்தேன்மா. உள்ள இருக்கிறவனுக்குத்தான் ஆட்டம் ஜாஸ்தி."

கதையின் முதல் பகுதி சட்டென்று முடிந்துவிடும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். தகரப்பெட்டி, ஒரு பாய், மூக்கில் வைத்துக்கொள்ள எலுமிச்சம்பழம். ஏறின அன்றே வாந்தி. தட்டை ஏந்திக்கொண்டு சோற்றுக்கு வரிசை. மறுபடியும் வாந்தி. வங்கக் கடல் முழுவதையும் அவர் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார். அங்கே உண்மையிலேயே புயல்கள் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கப்பலையே புரட்டிப் போடக்கூடியவை. அவற்றை அவர் சீந்துவதே இல்லை. பினாங்கில் பாதிப் பேரை இறக்கிவிட்டுக் கப்பல் தெற்கே திரும்பி, ஓர் இரவு கழிந்தால் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான் என்ற கட்டத்தில்தான் துண்டு தோளிலிருந்து இறங்கும்.

அலையின் உயரம் கேட்கிற ஆளைப் பொறுத்தது. முதலில் லயத்துக் கூரை அளவு. இரண்டாவது தே தாரே வந்ததும் ரப்பர் ஆலையின் புகைக்கூண்டு. காசு கொடுக்கப் போவது நீங்கள்தான் என்று உறுதியாகிவிட்டால் கேஎல் இரட்டைக் கோபுரம். அந்த நேரத்தில் வெள்ளைக்காரக் கப்பித்தான் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்து, தாத்தாவின் அப்பாவிடம் யோசனை கேட்பார். அப்பா பால்மரம் வெட்ட வந்தவர், ஏரியைவிடப் பெரிய தண்ணீரை அந்த வாரம்தான் பார்த்தவர். ஆனாலும் சொல்வார்: "தொர, கப்பல கொஞ்சம் ஒடிச்சுத் திருப்புங்க." கப்பித்தான் திருப்புவார். கப்பல் பிழைக்கும்.

இந்தக் கதை ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல. தோட்டத்துத் திடலில் திரை கட்டி 'ஆயிரத்தில் ஒருவன்' காட்டிய பிறகு கொஞ்ச காலம் அதில் கடற்கொள்ளையரும் இருந்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அங்கே ரயில் முழுகிய செய்தி லயம்வரை வந்தது. அதிலிருந்து ஒரு பெரும் ஊளைச்சத்தம் கதைக்குள் வந்து சேர்ந்தது. ரயிலையே சேர்க்கலாமா என்றுகூட யோசித்திருப்பார். நடுக்கடலில் தண்டவாளம் போட அவருக்கு மனம் வரவில்லை. எதற்கும் ஒரு நியாயம் வேண்டும் என்று நினைக்கிறவர்.

புக்கிட் மெலாவாத்திக்கு அவரை அழைத்துக்கொண்டு போனீர்களானால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அங்கே 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் இருக்கிறது, பீரங்கிகள் இருக்கின்றன, கையிலிருக்கும் கச்சானைப் பிடுங்கும் சாம்பல் நிறக் குரங்குகள் இருக்கின்றன. தாத்தா எதையும் பார்க்காமல் நேரே மேற்கு ஓரத்துக்குப் போய், அலையாத்திக் காட்டுக்கு அப்பால் மங்கலாகத் தெரியும் மலாக்கா நீரிணையைக் கைநீட்டிக் காட்டுவார். "அந்தா, அங்கதான்." அந்த விளக்கின் வெளிச்சம் புயலுக்கு நடுவே தன் முகத்தில் பட்டதாகவும், இந்த ஊரில்தான் பிழைக்கப்போகிறோம் என்று அப்போதே தெரிந்துவிட்டதாகவும் சொல்வார். பக்கத்தில் நிற்கும் சீனக் குடும்பமும் திரும்பிப் பார்க்கும். அவர்களுக்காக மலாயில் ஒருமுறை. அதில் அலை இன்னும் கொஞ்சம் உயரம்.

புயலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் கதை படுத்துவிடும். தடுப்பு முகாமில் அடைத்து வைத்தது, லாரியில் ஏற்றித் தோட்டத்தில் இறக்கியது, விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி: "வந்தோம், வேலைக்குப் போனோம். அதுல என்னா இருக்கு?"

ஒவ்வொரு கப்பல் தாத்தாவுக்கும் எதிரே ஒரு வாத்தியார் உண்டு. தமிழ்ப்பள்ளியில் நிலநூல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒட்டுக்கடையில் அதே மேசையில்தான் உட்காருவார். அவர் வாதம் எளிமையானது. மலாக்கா நீரிணையை ஒரு பக்கம் சுமத்ரா மறைக்கிறது. பெருங்கடல் அலை உள்ளே வராது. நாம் இருப்பது ஏறத்தாழ மூன்று டிகிரி. பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகே காற்றைச் சுழற்றிவிட பூமியின் சுழற்சிக்கு வலுவில்லை, புயல் உருவாகாது. "மாமா, நீங்க பாத்தது சுமத்ராக் காத்து. விடியக்காலையில மேற்கேருந்து வரும், ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஆட்டிட்டுப் போயிரும்."

உள்ளபடி பார்த்தால் இது தாத்தாவுக்குச் சாதகமான சாட்சி. கடைசி நாள், விடியற்காலை, மேற்குக் காற்று, எல்லாம் பொருந்துகிறது. ஒரு மணி நேரம் என்பதுதான் அவருக்கு அவமானமாக இருக்கும். 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியபோது பத்திரிகையோடு வந்து மேசையைத் தட்டினார். "அது தென்சீனக் கடல் பக்கம் மாமா" என்று வாத்தியார் தள்ளுபடி செய்துவிட்டார்.

நடுவில் பிள்ளைகள் சேர்ந்து போர்ட் கிள்ளானிலிருந்து போகும் உல்லாசக் கப்பலில் அவரை மூன்று நாள் அழைத்துப் போனார்கள். லிப்டு, நீச்சல் குளம், விடிய விடியச் சாப்பாடு. கடல் அசையவே இல்லை. கடைசி நாள் காலையில் தாத்தா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி மேற்கே பார்த்து நின்றார். பசியாற வரச் சொல்லியும் வரவில்லை. திரும்பி வந்ததும் ஒட்டுக்கடையில் புதிய கதை: தட்டுகள் பறந்தன, நீச்சல் குளத்துத் தண்ணீர் மாடிப்படியில் இறங்கியது. பேரன் கைப்பேசியில் அமைதியான கடலைக் காட்டினான். "நீ எடுத்தது மொத நாளு. கடைசி நாளு நீ தூங்கிட்டடா."

பிறகு 2025 நவம்பர் கடைசி வாரம் வந்தது. மலாக்கா நீரிணைக்குள்ளேயே ஒரு புயல் உருவானது. சென்யார் என்று பெயர் வைத்தார்கள். சுமத்ராவின் வடபகுதியில் ஏறி, மறுபடியும் கடலுக்குள் இறங்கி, 28ஆம் தேதி வாக்கில் நம் மேற்குக் கரைக்கு வந்தது. விடிவதற்குள் வாத்தியார் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"வாத்தியாரே, எங்க வச்சிருக்கீங்க உங்க பூமத்திய ரேகையை?"

அன்று மாலை ஒட்டுக்கடைத் தொலைக்காட்சியில் சுமத்ரா வெள்ளத்தைக் காட்டினார்கள். வீடுகளும் மரத்தடிகளும் சேற்றில் கலந்து கிடந்தன. பிணங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. தாத்தா தே தாரேயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சில வாரங்கள் கப்பல் கதை இல்லை. மழை பெய்தபோதும் இல்லை. கடைக்காரருக்கே கவலையாகிவிட்டது.

கதையை மறுபடியும் கிளப்பியது வாத்தியார்தான். காப்பாரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த இளைஞர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் தானாகவே ஆரம்பித்தார்: "ஐயா ரஜூலாவில வந்தவரு. கடைசி நாள் இதே நீரிணையில புயல். அப்பல்லாம் நான் நம்பல. இப்ப பாத்தா, விதிவிலக்கா நடக்க வாய்ப்பிருக்கு தம்பி. கடல் சூடு, காற்றோட போக்கு..."

தாத்தா துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க வாத்தியாரே. உங்க விதிவிலக்குக்குள்ளல்லாம் அது அடங்காது. தம்பிங்களா, தே குடிக்கிறீங்களா? காசு யாரு குடுக்கிறது?"