ரூம் போட்டாச்சா?

இப்போது யாராவது சிங்கப்பூர் போகிறேன், பாங்காக் போகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘ரூம் போட்டாச்சா?’ என்பதுதான். நான் முதன்முதலாகக் கடல் தாண்டிய எண்பதுகளில் அப்படி யாரும் கேட்டதாக நினைவில்லை. ‘அங்கே நமக்கு யார் இருக்கா?’ என்றுதான் கேட்டார்கள். யாரும் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். அத்தனை பெரிய ஊரில் நமக்கென்று ஒருத்தர் இல்லாமலா போவார் என்று பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து யோசித்து, கூடப் படித்தவரின் மச்சினர் ஒருவர் அங்கே துறைமுகத்தில் கணக்கெழுதுவதாகக் கண்டுபிடித்து, தபாலாபீசில் ஏரோகிராம் வாங்கி, ‘நலம், நலமறிய அவா’வில் தொடங்கி மடிக்கிற ஓரம்வரைக்கும் நுணுக்கி எழுதிப் போடுவார். பதில் வருவதற்குள் பையன் போய்த் திரும்பியே விடுவான் என்பது ஒரு குறையாக யாருக்கும் தோன்றாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியப்பா இருந்திருப்பார்.

அதற்கும் முந்திய தலைமுறைக்கு இந்தக் கேள்விகூடத் தேவைப்படவில்லை. செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்கப் போன நகரத்தார்கள் சிங்கப்பூரில் கப்பலைவிட்டு இறங்கினால் நேராக மார்க்கெட் தெருக் கிட்டங்கிதான். நீளமான கூடம், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு குட்டை மேசை, பகலில் அதன் பின்னே சம்மணமிட்டு வட்டிக்கணக்கு, ராத்திரி அதே இடத்தில் பாயை விரித்துத் தூக்கம். ஒரு மனிதன் உறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கை அவர்கள் அப்போதே போட்டு முடித்துவிட்டார்கள். 1979-இல் ஒசாகாவில் கிஷோ குரோகாவா என்ற பெரிய கட்டடக் கலைஞர் வடிவமைத்த முதல் கேப்சூல் ஹோட்டலை உலகம் வாயைப் பிளந்து பார்த்த கதையைப் படித்தபோது, செட்டியார்கள் இதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார்களே என்றுதான் எனக்குப் பட்டது. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இப்போது இல்லை. அந்த வட்டாரம் முழுக்க வானளாவிய வங்கிகள். வட்டிக்கடை இருந்த இடத்தில் வங்கி வந்ததை முன்னேற்றம் என்பதா, பரம்பரைத் தொழில் என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

எனக்குக் கிட்டங்கியும் இல்லை. கணக்கெழுதும் மச்சினரும் கடைசிவரை அகப்படவில்லை. சென்னையில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கம்பெனியில், மாதிரிச் சட்டைகள் அடைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை. 1973-ஆம் வருஷத்து அன்னியச் செலாவணிச் சட்டம் கோலோச்சிய காலம். டாலரை எண்ணித்தான் கொடுப்பார்கள், கொடுத்ததைப் பாஸ்போர்ட்டில் எழுதியும் வைப்பார்கள். கம்பெனி கொடுக்கும் படியில் வாடகையைக் குறைத்தால் மிச்சம் நமக்கு என்பதால், தங்குமிடம் தேடுவது என்பது ஒரு மெத்தைக்கும் ஒரு டேப் ரிக்கார்டருக்கும் நடக்கிற போட்டி. டேப் ரிக்கார்டர்தான் ஜெயிக்கும்.

எந்த லாட்ஜ் என்று சொல்ல விமானத்திலேயே ஆள் இருந்தார்கள். சிங்கப்பூருக்குப் போய்ச் சாமான் கட்டிக்கொண்டு வந்து பர்மா பஜாரில் சேர்க்கும் ‘குருவி’கள். அவர்களுக்குத் தெரியாத விடுதி சிங்கப்பூரில் நம்மவர் வட்டாரமான தேக்காவில் கிடையாது. விமர்சனமும் சுருக்கம்: ‘கட்டில் சுமார், ஆள் நல்லவர்.’ நான்கே சொல். அதில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அந்த வாக்கை நம்பி, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கடைவீட்டு மாடிப்படி ஏறி நான் எடுத்த அறையின் பலகைச் சுவர், கூரைவரை போகாமல் பாதியில் நின்றுவிட்டிருந்தது, அதற்குமேல் கம்பிவலை. பக்கத்து அறையின் ரேடியோ, அதற்கடுத்த அறையின் இருமல், எல்லாம் வாடகைக்குள் அடக்கம். படியிறங்கினால் பூக்கடையும் சாம்பார் வாசனையும். வெளிநாட்டுக்கு வந்தும் மயிலாப்பூரில்தானே நிற்கிறோம் என்று அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அறையைப் பார்த்துவிட்டு எடுப்பது என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைக் கீழே கல்லாக்காரரிடம் விட்டுவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு முன்னால் ஏறும் பையனின் பின்னால் வீடு வாங்க வந்த தோரணையில் ஏறிப் போய், மெத்தையை உள்ளங்கையால் அமுக்கி, ஓரத் தையலைப் பிரித்து மூட்டைப்பூச்சி தேடி, தலையணையை மோந்து, குழாயைத் திறந்து, மின்விசிறியை ஐந்தில் வைத்துச் சத்தம் கேட்டு, எல்லாம் திருப்தியாக இருந்தாலும் முகத்தில் காட்டாமல் இறங்கி வந்து, ‘பரவாயில்லை, ஆனால் ரேட்டுதான்…’ என்று இழுத்து, அவர் அசையாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்து, கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே போய், கூப்பிடாததால் பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, ஏதோ மறந்ததை எடுக்க வந்த பாவனையில் திரும்பி வந்து, முதலில் சொன்ன அதே வெள்ளிக்கே எடுப்போமே, அந்த நாடகம். கல்லாக்காரரும் சிரிக்காமல் ஒத்துழைப்பார். இன்று ‘இந்த விலையில் ஒரே ஓர் அறைதான் பாக்கி’ என்று சிவப்பெழுத்தில் செல்பேசி மிரட்டுகிறது. இழுக்கவும் வழியில்லை, தெருமுனைவரை நடக்கவும் வழியில்லை.

அந்த இளைஞனுக்கு, அதாவது அன்றைய எனக்கு, கௌரவம் வேறு அதிகம். ஆர்ச்சர்ட் சாலையில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலின் முகப்புக் கூடத்துக்குள் குளிர்ச்சிக்காக நுழைவான். டை கட்டியிருப்பதால் யாரும் தடுப்பதில்லை. அங்கே எழுதுமேசையில் ஓட்டல் பெயர் அச்சடித்த கடிதத்தாள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதில்தான் ஊருக்குக் கடிதம் எழுதுவான்: ‘நான் இங்கு சௌக்கியம். அறை வசதியாக இருக்கிறது.’ எதுவும் பொய்யில்லை. எந்த அறை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பா அதை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். இன்றைக்கு உண்மையிலேயே அந்த மாதிரி ஓட்டலில் தங்க வாய்த்தால் மேசைமேல் கடிதத்தாள் இல்லை. ஒரு கியூஆர் கோடு இருக்கிறது. அதைப் படம்பிடித்தால் சாண்ட்விச் என்ன விலை என்று தெரிகிறது.

பாங்காக்கில் தகவல் கிடைத்த விதம் வேறு. அங்கே மலேசியா ஹோட்டல் என்று ஒன்று. வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு வரும் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகக் கட்டியது. சிப்பாய்கள் போனபிறகு, முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அதன் அறிவிப்புப் பலகை பிரசித்தம். வழிப்போக்கர்கள் ஒருவருக்கொருவர் கைப்பட எழுதிக் குத்திவிட்டுப் போன சீட்டுகள். அங்கே தங்காதவனும் போய்ப் படிக்கலாம், நான் படித்தேன். அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் இருக்கும். தென்கிழக்காசியாவைச் சில்லறைக் காசில் சுற்றுவது எப்படி என்று டோனி வீலரும் மோரீன் வீலரும், சிங்கப்பூரில் ஒரு பழைய சீன விடுதியில் தங்கி எழுதி, 1975-இல் வெளியிட்டது. அதில் பெயர் வந்த விடுதிக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார் என்று எனக்கு ஒரு சித்தாந்தம். அதனால் அதற்கடுத்த விடுதிக்குப் போவேன். அடுத்தவர் அதற்கு முன்பே ஏற்றியிருப்பார்.

உண்மையில் பாங்காக்கில் விடுதியைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, போக்குவரத்து நெரிசல். சீலோமில் வேலை என்றால் சீலோமில்தான் தங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று காவோசான் சாலைப் பக்கம் போனால் டாக்சியிலேயே பகல் கழிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் சீலோமின் பான் சாலையில் இருக்கிறது. அதற்கு நடக்கிற தூரத்தில்தான் அறை பார்ப்பேன். பக்தி பாதி, கோயில் இருந்தால் பக்கத்தில் எங்கேயாவது சோறு இருக்கும் என்ற நம்பிக்கை பாதி. 1999 டிசம்பரில் தலைக்குமேல் ரயில் ஓடத் தொடங்கியதும் எல்லாக் கணக்கும் மாறியது. ‘ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிஷ நடை?’ என்பதே இப்போது முதல் பொருத்தம். நல்லதுதான். சிவப்பு விளக்கில் அரைமணி நேரம் நின்றபடி டாக்சிக்காரரோடு சைகையிலேயே குடும்பக் கதை பேசியதுதான் போயிற்று.

ஹாங்காங்கில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-இல் நாதன் சாலையில் கட்டிய பதினேழு மாடி, ஐந்து பிளாக். திருவல்லிக்கேணி மேன்ஷனில் குப்பை கொட்டியவனுக்குப் பெயரைக் கேட்டதும் பாதி பயம் போய்விடும்; உள்ளே போனதும் இரண்டு பங்காகத் திரும்பி வரும். பிளாக்குக்கு இரண்டே குட்டி லிஃப்ட், ஒன்று ஒற்றைப்படை மாடிகளுக்கு, ஒன்று இரட்டைப்படைக்கு. வரிசையில் பாகிஸ்தானி, நேபாளி, ஆஸ்திரேலிய மாணவன், கூடவே மணிக்கல் வியாபாரத்துக்கு வந்த காயல்பட்டினத்துப் பெரியவர். எடை மிஞ்சி மணி அடித்தால் கடைசியாக ஏறியவரை எல்லோரும் ஒருமுகமாகப் பார்ப்பார்கள். ‘தம்பி ஒல்லி, நீங்க ஏறுங்க’ என்று அந்தப் பெரியவர் இறங்கிக்கொண்டு, கதவு மூடுவதற்குள் எந்த மாடியில் யாரிடம் சோறு என்பதையும் சொல்லிவிட்டார். கிடைத்த அறையில், கட்டிலில் படுத்தபடியே கதவைத் திறக்கலாம், விளக்கை அணைக்கலாம், முகம் கழுவலாம். நான் அங்கே தங்கியதைப் பல வருஷம் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. 1994-இல் வோங் கார்-வாய் ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ எடுத்தார். அதற்குப் பிறகு சென்னைத் திரைப்படச் சங்கத்து நண்பர்கள் என்னை மரியாதையோடு பார்க்கிறார்கள்.

இப்போது எனக்கு ரூம் போடுவது மகள். ‘அப்பா, இது 8.4, அது 8.1’ என்கிறாள். அந்த .3 எங்கே போயிற்று என்று ராத்திரி வெகுநேரம் ஆராய்கிறோம். முகம் தெரியாத யாரோ தலையணை மெலிசு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஓர் இந்தியர் வருஷத்துக்கு 2,50,000 டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி தாராளம் காட்டுகிற காலத்தில், காலைச் சிற்றுண்டியோடு எடுப்பதா, இல்லாமலா என்ற சில்லறையில் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம். யாராவது ஒருவர் வீட்டிலேயே தங்கலாமே என்றால் அதற்கும் சட்டம். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக்கூடாது. ஜப்பானில் 2018-இல் வந்த சட்டப்படி அப்படி விடும் வீட்டில் வருஷத்துக்கு 180 நாள்தான் விருந்தாளிகள். பெரியப்பாவின் ஏரோகிராமில் இப்படி உச்சவரம்பு எதுவும் இருந்ததில்லை.

ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் 2015-இல் ஒரு ஹோட்டலைத் திறந்து வரவேற்பில் டைனோசர் பொம்மையை நிறுத்தினார்கள். ரோபோதான் சாவி கொடுக்கும், ரோபோதான் பெட்டி தூக்கும். அறைக்குள் இருந்த பொம்மை, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, ‘சரியாகப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்ற ரீதியில் எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்ததாம். 2019-இல் பாதிக்கு மேற்பட்ட ரோபோக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மனிதர்களை வைத்துக்கொண்டார்கள். தேக்காவில் என் குறட்டையைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவார்கள். விஷயம் உடனே புரிந்துவிடும்.

போன முறை தங்கிய விடுதியில் பூட்டுக்கு எண் செல்பேசிக்கு வந்தது. வெள்ளை விரிப்பு, சுடுநீர், சத்தமில்லாத ஏசி. மூட்டைப்பூச்சி இல்லை, இருமல் இல்லை, நன்றாகத்தான் தூங்கினேன். திரும்பி வந்ததும் மதிப்பெண் போடச் சொல்லி மின்னஞ்சல்: சுத்தம், வசதி, இடம், பணியாளர். பணியாளர் கட்டத்தில் என்ன போடுவது? இருந்த நாள்வரை அங்கே ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. ‘கட்டில் பிரமாதம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதற்காகப் பழையபடி பலகைத் தடுப்பு அறைக்குப் போவேனா என்றால் மாட்டேன், முதுகு ஒப்புக்கொள்ளாது.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் மலிவான அறைகள் பலவற்றுக்கு ஜன்னல் கிடையாது. மறைக்கமாட்டார்கள், அறை விவரத்தில் எங்கேயோ சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். படத்தைப் பார்த்து மயங்காமல் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.