மூன்றாம் மாடிக்குப் போகாதீர்கள்

1997-இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நாவலைப் பதினொரு வயதில் படித்தவர்களுக்கு ஹாக்வார்ட்ஸ் ஒரு கனவு. நாற்பதைத் தாண்டி முதன்முறையாகப் படிப்பவருக்கு அது ஒரு பள்ளிக்கூடம். உள்ளே இருக்கும் பெற்றோர் விழித்துக்கொள்கிறார்.

சேர்ந்த அன்றிரவே விருந்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அறிவிக்கிறார்: மூன்றாம் மாடியின் வலப்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனால் துடிதுடித்துச் சாக நேரும். ஒருவரும் மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை. அங்கே நிற்பது மூன்று தலை நாய். கதவுப் பூட்டோ, முதலாண்டு மாணவி ஒரே மந்திரத்தில் திறந்துவிடும் தரத்தில் இருக்கிறது.

நள்ளிரவில் அறையை விட்டு வெளியே திரிந்தால் தண்டனை உண்டு: நள்ளிரவில், யாரும் போகக் கூடாத காட்டுக்குள் அனுப்பிவைப்பார்கள்.

முதலாண்டில் மந்திரம், மூலிகை, வானியல் எல்லாம் உண்டு; கணக்குப் பாடம் மட்டும் இல்லை. அதன் விளைவைத் துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச் விளையாட்டில் காணலாம். கோல் போட்டால் 10 புள்ளி. ஒருவர் மட்டும் துரத்தும் குட்டிப் பந்தைப் பிடித்தால் 150. மற்ற ஆறு பேரும் காற்று வாங்கத்தான் துடைப்பம் ஏறுகிறார்கள்.

ஆண்டிறுதியில், விடுதிகளுக்கு இடையிலான புள்ளிப் போட்டியில் கடைசி இடத்தில் இருந்த விடுதிக்குத் தலைமையாசிரியர் தம் கையால் 170 கருணை மதிப்பெண் வழங்கிக் கோப்பையைக் கொடுக்கிறார். போகக் கூடாத இடத்துக்குப் போனவர்களுக்குத்தான் பெரும்பங்கு. ஆண்டு முழுவதும் விதிப்படி நடந்த பிள்ளைகள் கைதட்டலாம். அதற்குப் புள்ளி கிடையாது.