அமெரிக்கக் கம்ப்யூட்டரும் நம்மூர் கரண்டும்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகன் லேப்டாப், டெஸ்க்டாப், லேசர் பிரிண்டர் மூன்றையும் கொண்டுவந்திருக்கிறான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே சொருகலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஜாதகம் பார்க்காமல் சம்பந்தம் பேசாதீர்கள்! லேப்டாப்பின் ஜாதகம் அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும். ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் பத்துப் பொருத்தமும் உண்டு. இன்றைய லேப்டாப்கள் அநேகமாக இந்த ரகம்தான்.

டெஸ்க்டாப் பழசாக இருந்தால் உஷார். பின்பக்கம், பவர் சப்ளையில் சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115 என்று காட்டினால், ஒயரைக் கழற்றிவிட்டு 230-க்குத் தள்ளுங்கள். மறந்து ஆன் செய்தால் ‘டப்’பென்று கெபாசிட்டர் வெடிக்கும். சுவிட்ச் இல்லையா? லேபிள் சொல்வதே வேதம். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்ற கவலை வேண்டாம். பவர் சப்ளை முதல் வேலையாக ஏசியை டிசியாக்கிவிடும்.

பிரிண்டர்தான் பிடிவாதக்காரர். லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்கும் ஹீட்டர் இருக்கிறது. 120 வோல்ட் ஹீட்டருக்கு 230 கொடுத்தால் மூன்றரை மடங்குக்கு மேல் சூடாகப் பார்க்கும். 230-ஐ 120 ஆகக் குறைத்து, பிரிண்டரின் சுமையைத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கனமானது, விலையும் கூடுதல். இங்கே புது பிரிண்டர் வாங்குவதே லாபம்.

கடைசியாக ஒன்று: டிராவல் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. எர்த் உள்ள மூன்று பின் ஒயரை உள்ளூர்க் கடையில் வாங்கிப் போடுங்கள். லேபிளைப் படித்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.