மாப்ளைக்குக் கொஞ்சம் ஜிகினாப் புத்தி

மாப்ளே, ரசனை வந்திருச்சுன்னா அதை வெளியே எடுக்கிறதுக்கு முன்னாடி வாசக்கதவைச் சாத்திக்கணும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தபந்தம் அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்க, நான் கொண்டாந்த ஜிகினா ஒட்டின முருகன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது கிட்ச் மாமா"ன்னே பாரு! உங்க அத்தை அது ஏதோ கிச்சன்ல மாட்டுற படம்னு நெனச்சு, ஆணி எங்கேன்னு தேடி அடுக்களைக்குள்ள போயிட்டா.

போகட்டும். வசவு வாங்கினவன் அதோட பூர்வீகத்தையாவது விசாரிக்கணுமில்ல? உன் தங்கச்சிதான் போன்ல தேடி வாசிச்சுக் காட்டினா. ஜெர்மனியில மூனிக்னு ஒரு ஊராம். 1860, 70 வாக்குல அங்கே படம் விக்கிற யாவாரிக, வாங்க வந்தவன் தலையில சட்டுன்னு கட்டிவிடுற மலிவுப் படத்துக்கு வச்ச பேருதான் இந்தக் கிட்ச். கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கல. சிவகாசி லித்தோ பிரஸ்ல மையோட மையாக் கெடந்தவன்லா நான்! சாமி படத்தைக் கலர் கலரா அடிக்கிற வித்தைக்கும் அதே ஜெர்மனிதான் பூர்வீகம். ரவிவர்மா 1894ல பம்பாயில அச்சகம் போட்டப்போ மிஷினும் அங்கேயிருந்து வந்துச்சு, ஓட்டத் தெரிஞ்ச ஆளும் அங்கேயிருந்து வந்தான். கடைசியில அச்சகத்தையே ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன்காரரு வாங்கிட்டாரு. சரக்கும் அவங்களது, சரக்கை வையுற வார்த்தையும் அவங்களது. ரெண்டையும் நம்ம தலையில கட்டியிருக்கான் பாரு, அவன் யாவாரி.

நம்மகிட்ட மட்டும் இதுக்கு வார்த்தை இல்லாமலா இருந்துச்சு? பகட்டு, பவுசு, மினுக்குன்னு எம்புட்டோ கெடக்கு. சட்டை கொஞ்சம் பச்சையா இருந்தா ராமராஜன் சட்டைன்னான். ரெண்டு வளையல் கூடப் போட்டா பட்டிக்காடுன்னான். இங்கிலீஷ்ல டாக்கின்னு ஒண்ணு சொல்லுதான்ல, அது அமெரிக்காவுல தெக்கத்திப் பக்கம் நோஞ்சான் மட்டக்குதிரைக்கு இருந்த பேராம். பொறவு ஏழைபாழைகளுக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. அதுக்கும் பொறவுதான் சட்டைக்கும் சாமானுக்கும் வந்துச்சு. சாமானை வையுறதா நமக்கு நெனப்பு. அடி விழுகுறது அதை வச்சிருக்கிறவன் முதுகுல.

அதனால மாமன் சொல்லுதேன், எதையும் வையுறதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் பொறு. ரவிவர்மாவையே, கொழும்புல பிறந்த ஆனந்த குமாரசாமி மாதிரிப் பெரிய படிப்பாளிக, நாடகத்தனம்னு ஒதுக்கி வச்சாக. 1979ல சர்க்கார் அவர் படங்களைத் தேசியக் கலைச் செல்வம்னு அறிவிச்சு, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதுன்னுருச்சு. அவர் அச்சுப் படத்தைப் பூசையறையில இருந்து கழட்டிப் பரண்ல எறிஞ்சவனோட பேரன், இன்னைக்குக் காரைக்குடி பழைய சாமான் கடையில நின்னு அதுக்கே விலை பேசுதான்.

கோயில்பட்டி கொண்டையராஜு தெரியுமா உனக்கு? நீ படிச்சியே சென்னை ஓவியப் பள்ளி, அதே பள்ளியில படிச்சவரு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினவரு. 1976ல காலமாயிட்டாரு. அவரும் அவர் சிஷ்யப் பிள்ளைகளும் எழுதின லட்சுமியும் முருகனும் காலண்டர்ல ஏறிப் போகாத வீடு தெக்கே எது? அதையெல்லாம் ஆராய்ச்சி பண்ண வெளிநாட்டுல இருந்து ஆள் வந்துட்டுப் போயாச்சு. உன் பாடப்புத்தகத்துலதான் அவரு வரலை போல.

இல்ல மாமா, மினுக்கே எனக்கு ஆகாதுன்னு மட்டும் சொல்லிராதே. திருவிழாவுல பலூன்காரன் முறுக்கிக் கொடுப்பானே நாய்க்குட்டி, அதையே ஜெஃப் கூன்ஸ்ங்கிற அமெரிக்கக்காரரு எவர்சில்வர்ல பத்தடிக்கு மேல உசரமாச் செஞ்சு நிப்பாட்டினாரு. எதிர்க்க நின்னு தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. 2013ல நியூயார்க் ஏலத்துல அது 5 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போச்சு. அதைப் பாத்து மூக்கைச் சுளிப்பியா நீ? "கிட்சை வச்சு விளையாடியிருக்காரு மாமா"ம்பே. அந்த வித்தையை என் முருகனுக்கும் கொஞ்சம் காட்டேன். யாராவது கேட்டா, "வேணும்னேதான் மாட்டியிருக்கேன், இதுல ஒரு நக்கல் இருக்கு"ன்னு சொல்லிரு. சூசன் சொன்டாக்னு ஒரு அம்மா 1964லயே இந்தச் சங்கதியைக் கேம்ப்ங்கிற பேர்ல விலாவாரியா எழுதியிருக்காகளாம். படமும் தப்பிச்சுக்கும், உன் மானமும் தப்பிச்சுக்கும்.

உண்மையிலேயே சகிக்க முடியாதது உலகத்துல இல்லைங்கல. ஸ்டுட்கார்ட் மியூசியத்துல பட்சாவுரெக்னு ஒரு அதிகாரி 1909ல கெட்ட ரசனைக்குன்னே தனிப் பகுதி தொறந்தாரு. சனங்க பாத்துத் திருந்தட்டும்னு! முதல் உலகச் சண்டையில பிள்ளைகள் செத்துக்கிட்டு இருந்த நேரம், தேசபக்தியைத் தட்டுலயும் கோப்பையிலயும் அச்சடிச்சுக் கடையில வித்தாங்களே, அதுக்கு ஹுர்ராகிட்ச்னு பேரு. அதையும் அவரு விடலை. அந்த இடத்துல மனுசனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். நம்மூர் முக்குல கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் பாத்திருப்பியே? வாழ்நாள்ல கயத்தாறைத் தாண்டாத பெரியவரு சுவிட்சர்லாந்து பனிமலைக்கு முன்னாடி ஒரு மூலையில ஒடுங்கி நிக்காரு. அஞ்சலி செலுத்துறவன் கூலிங்கிளாஸ் போட்டு ஆளுயரத்துக்கு நிக்கான். அதுக்கு நீ ஜெர்மன்ல எதைச் சொல்லி வஞ்சாலும் ஒத்துக்கிடுதேன்.

அந்த பட்சாவுரெக் கணக்குல இன்னொரு குத்தமும் உண்டு. ஒரு பொருள் தன்னை இன்னொண்ணுன்னு சொல்லி வேஷம் கட்டக் கூடாதாம். இனி உன் ஹாலுக்கு வருவோமா? தரை மரம் மாதிரி இருக்கு, தட்டிப் பாத்தா டைல்ஸ். செட்டிநாட்டுத் தூணைச் சுண்டினா ஃபைபர். செங்கல் சுவரு ஓரத்துல பிய்ஞ்சு தொங்குது, வால்பேப்பர். அரிக்கேன் விளக்குக்குள்ள எல்ஈடி, உருளித் தண்ணியில பிளாஸ்டிக் தாமரை. என் முருகன்மேல இருக்கிற ஜிகினா, தன்னை ஒருநாளும் தங்கம்னு சொன்னதில்ல மாப்ளே. அந்த ஜெர்மன் அதிகாரி மட்டும் உன் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தா, பந்தியில உக்காராம லாரி பிடிக்க ஓடியிருப்பாரு.

சுவத்துல சாத்தி வச்சிருக்கியே மாட்டுவண்டிச் சக்கரம், அது ஒண்ணுதான் அசல். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. உன் தாத்தா வண்டியோடது. ஒரு ஆரக்கால் மட்டும் மரம் மாறியிருக்கும் பாரு, அது நான் மாத்திப் போட்டது. பழைய சாமான்காரன்கிட்ட வெறகு விலைக்குத் தள்ளிவிட்டதும் நான்தான். அவன் உனக்கு என்ன விலைக்குக் கொடுத்தான்னு உங்கம்மா சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. அதோட ஜோடி இன்னும் நம்ம தொழுவத்துல கெடக்கு. கடைக்காரன் விலையில பாதி கொடு, போதும். சாணி அப்பினபடியே வேணுமா, கழுவித் தரட்டுமா, அதை மட்டும் சொல்லு.