பாறையும் மணலும்

பாறை ஏறுவதில் சாம்பியனாக இருந்த பெண், கார் ராலிக்குப் போனாராமே... ஏறி ஏறிக் கால் வலித்துவிட்டதோ?

பாறை ஏறுகிறவர்களுக்கு முதலில் வலிப்பது விரல் நுனி, காலல்ல! பிரான்ஸின் இசபெல் பாட்டிசியேவைத்தான் கேட்கிறீர்கள். 1990-ல் உலகக் கோப்பையை அமெரிக்காவின் லின் ஹில்லுடன் பங்கு போட்டுக்கொண்டார். 1991-ல் பங்காளியே இல்லாமல் முழுசாக எடுத்துக்கொண்டார். விரலுக்குப் பிடி கிடைக்காத இடங்களைப் பார்த்தாயிற்று. பிறகு டயருக்குப் பிடி கிடைக்காத இடத்துக்குப் போனார். அதுதான் டக்கார் ராலி!

அங்கே வேகம் மட்டும் போதாது. மணல் மேட்டில் கார் புதைந்தால் டயரில் காற்றைக் குறைத்து, மண்வாரியால் தோண்டி, சக்கரத்தடியில் தகடு கொடுத்துக் கிளப்ப வேண்டும். தள்ளிவிட நாலு பேர் வரமாட்டார்கள்.

பெண்கள் வண்டி ஓட்டினால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது என்கிறாரே என் கணவர்?

விவரமானவர்! 2001 டக்காரில் அத்தனை ஆண்களும் அதைத்தான் செய்தார்கள். ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் மிட்சுபிஷி காரில் முதலிடம் பிடித்தார். இயற்பியல் படித்தவர், முன்பு பைக்கிலும் டக்கார் ஓடியவர்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வெற்றிக்கு ஓர் ஆணும் உதவினார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் வென்ற ஷ்லெஸ்ஸர், தன் முறை வருமுன்னே வண்டியைக் கிளப்பியதால் ஒரு மணி நேரம் அபராதம் வாங்கினார். சாலை ஒழுங்கைப் பற்றிக் கணவரிடம் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டக்காரின் கார் பிரிவை ஒட்டுமொத்தமாக வென்ற ஒரே பெண் இன்றுவரை கிளைன்ஷ்மிட்தான்.